வானினின்று வீழ்ந்த புட்டி

நீரை விட்டு நிலத்தில் வீழ்ந்த மீனைக் கண்டு சிரித்தவர் எவரும் இலர். அது வாயைத் திறந்து திறந்து மூடித் துடிப்பதைக் காணும் நெஞ்சில் இரக்கமே பிறக்கும். ஆதலாற்றான் நம் மொழியில் ஒருவருடைய பொறுக்கலாற்றாத துன்பத்தை உணர்த்த வேண்டுமாயின், 'தரையில் விழுந்த மீனைப் போலத் துடித்தார்' என்கிறோம். ஆங்கில நாட்டாரோ அதே உவமையை, பழக்கமில்லாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டு விழிப்பவனுக்கு வழங்குகின்றனர். அத்தகையவனைக் கதாநாயகனாகக் கொண்ட நகைச்சுவைப் படங்களைத் தனியோர் இனமாகவும் வகுத்துள்ளனர். பட்டிக்காட்டான் பட்டணத்துக்கு வருவான், பட்டணத்தான் காட்டுக்குள் புகுவான், செய்வதறியாது தடுமாறுவான், கண்டவர் சிரிப்பர். ஒரே உவமை ஓரிடத்தில் அழுகைக்கும் மற்றோரிடத்தில் நகைக்கும் உரியதாயிருப்பது ஏன் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அவ்வையத்தை ஒரு படத்தின் வாயிலாகவும், அதனைக் கண்டோர் கூறிய கருத்துக்களின் வாயிலாகவும் ஈண்டு ஆராயத் துணிந்தேன்.

அப்படம் 1980-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் வெளிவந்த 'தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி' என்பது. 'தெய்வங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது போலும்' என்று அத்தலைப்பைத் தமிழில் உரைக்கலாம். அதனை இயற்றியவர் ஜேமி யூயிஸ் என்பார். இவர் முன்னாளில் கணித ஆசிரியராயிருந்து பின்னர்ப் படத்தொழிலிற் புகுந்தவர். 1974-ஆம் ஆண்டில் வனவிலங்குகளைப் பற்றி இவர் எடுத்த படமும் புகழ் பெற்றது. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியானபோது, இந்நகைச்சுவைப் படம் ஏறக்குறைய 3 கோடி டாலர் வருவாய் பெற்று, அந்நாளில் அங்கே ஓடிய அயல்நாட்டுப் படங்களின் முன்னணியில் நின்றது.

கதையைச் சுருங்கக் கூறுவேன். கலகாரிப் பாலையின் மேலே பறந்து செல்லும் சிறு விமானமொன்றிலிருந்து, அதனை ஓட்டுபவன் வெறுமையான ஒரு கொக்கக் கோலாப் புட்டியை வெளியே எறிகிறான். அஃது உடையாமல் நிலத்தில் வீழ்கிறது. அங்கே வாழும் 'புதர்மாந்தர்' எனப்படும் ஸான் இனத்துக் குடும்பமொன்று, அதனைத் தெய்வங்கள் அளித்த கொடையென்று கருதி எடுத்துக்கொள்கிறது. கிழங்கை இடிப்பதற்கும், தோலைப் பதப்படுத்துவதற்கும், ஊதி இசையெழுப்புவதற்கும் அது பயன்படுகிறது. ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று, வேண்டுபவர் பலர். இதுகாறும் அறியாத பொறாமையும் சண்டையும் அவர்களிடையே தோன்றுகின்றன. தீமைக்குக் காரணமான அப்பொருளை உலகத்தின் விளிம்பிற்குக் கொண்டுசென்று எறிந்துவிட்டு வருவதாகக் கூறி, க்ஸீ என்னும் குடும்பத் தலைவன் புறப்படுகிறான். வழியில் அவன் வெள்ளையரைக் காண்கிறான். மோட்டார் வண்டியைக் காண்கிறான். பிறன் ஆட்டை வேட்டையாடிச் சிறைப்படுகிறான். யானைச் சாணத்தை ஆராயும் கூச்சமுடைய அறிஞர் ஒருவரும், ஜோஹானஸ்பர்க் நகரத்து வேலையை வெறுத்துச் சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக வரும் மங்கையொருத்தியும், பள்ளிச் சிறுவரைப் பிடித்துச் செல்லும் துப்பாக்கிக் கூட்டத்தாரும் கதையில் வந்து கலக்கின்றனர். முடிவில் க்ஸீ மேகம் சூழ்ந்த ஒரு மலை விளிம்பை அடைந்து, அதுவே உலகத்தின் எல்லையென்று எண்ணிப் புட்டியை எறிந்துவிட்டு வீடு திரும்புகிறான்.

சென்ற ஆண்டில் ஒரு சனிக்கிழமை இரவு, நான் தங்கியிருந்த மாணவர் விடுதியின் பொதுக்கூடத்தில் இப்படத்தைத் திரையிட்டனர். மாணவரும், ஆசிரியர் சிலரும், சமையற்கட்டைச் சேர்ந்தவரும் ஒருங்கு அமர்ந்து கண்டனர். படம் முடிந்தபின் கலைந்து செல்ல மனமின்றிப் பலர் நின்று பேசினர். அப்பேச்சிற் பல இன்றும் என் நினைவில் உள்ளன.

விடுதியின் முதிய சமையற்காரர் ஆங்கிலம் அறியாதவர். ஆயினும் அவரைப் போல அன்று சிரித்தவர் பிறரில்லை. தடைக்கருவி பழுதான மோட்டார் வண்டியை அறிஞர் நிறுத்த முயன்று படும் பாட்டைக் கண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "தாத்தா, கதை விளங்கிற்றா?" என்று கேட்டேன். "இதில் விளங்காததற்கு என்ன இருக்கிறது, தம்பி? என் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அன்று முதல் என் வீட்டிலும் அந்தப் புட்டிதான் விழுந்து கிடக்கிறது, அதை எறிந்துவிட்டு வரத்தான் ஆளைக் காணோம்" என்றார்.

ஆங்கில இலக்கியம் போதிக்கும் ஆசிரியை ஒருவர் வேறொரு நயத்தைச் சுட்டினார். வெள்ளை மங்கையை முதன்முதற் காணும் க்ஸீ, அவளை அழகற்றவளென்றும், வெளுத்த கூந்தலைக் கொண்டு அவள் மிக முதியவளென்றும் கருதுகிறான். "எத்தனையோ படங்களில் வெள்ளையரின் கண்ணே அளவுகோல். இங்கே ஒரு நொடியாவது அளவுகோல் கை மாறியது. அதற்காகவே இப்படத்தை மெச்சுகிறேன்" என்றார் அவர்.

வரலாறு பயிலும் என் நண்பனோ மிகுந்த சினங் கொண்டிருந்தான். "1980-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நிறவேற்றுமைச் சட்டங்கள் எவ்வளவு கொடியனவாயிருந்தன! நெல்சன் மண்டேலா அப்போது சிறையில் இருந்தார். அந்நாட்டிலிருந்து வந்த இப்படத்தில் அதன் சுவடேனும் உண்டா? ஆயுதம் ஏந்திய கறுப்பர் அனைவரும் கோமாளிகள். அரசியலறியாத வேட்டுவன் மட்டுமே நல்லவன். இதன் பொருள் யாது? கேள்வி கேளாதவனே நல்ல ஆப்பிரிக்கன் என்பதல்லவா?" என்று அடுக்கினான். இக்கண்டனம் அவனுக்கு மட்டும் உரியதன்று. சிகாகோ நகரத்துப் பெயர்பெற்ற விமரிசகரான ராஜர் ஈபர்ட் இப்படத்தைப் பாராட்டி நான்கு நட்சத்திரங்களுக்கு மூன்று அளித்தார். நியூயார்க் டைம்ஸ் விமரிசகர் வின்சென்ட் கான்பியோ, வேடிக்கையை ஒப்புக்கொண்டே, நிறவேற்றுமை என்றொன்று உலகில் இல்லாதது போல இப்படம் நடந்துகொள்வதை எடுத்துக் காட்டினார். 1985-ஆம் ஆண்டில் மானிடவியல் அறிஞரான டோபி வோல்க்மன் என்பாரும், படத்திற் காணும் இன்ப வாழ்வுக்கும் அம்மக்களின் மெய்யான வாழ்வுக்கும் உள்ள தூரத்தை அதே பத்திரிகையில் எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் பின்னர், மலைநாட்டுச் சிற்றூரொன்றிலிருந்து வந்து முதலாண்டிற் பயிலும் மாணவன் ஒருவன் என்னுடன் அறைவரை நடந்து வந்தான். அவன் பேச்சிலே தயங்குபவன். நான் கேட்ட பின்னரே வாய் திறந்தான்.

"அண்ணா, அந்த மனிதனை நியாயஸ்தலத்தில் நிறுத்தினார்களே, அவ்விடத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தாத்தா காட்டில் மூங்கில் வெட்டினார் என்று ஒரு முறை பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே பேசிய பேச்சு அவருக்கு விளங்கவில்லை. எதிரில் வந்தவர்களையெல்லாம் பார்த்துப் புன்னகை செய்தாராம். யாரைக் கண்டாலும் முதலில் சிரிப்பது எங்கள் ஊர் மரியாதை. 'என்னடா சிரிப்பு?' என்று ஒருவர் அதட்டினாராம். அபராதங் கட்ட இரண்டு ஆடுகளை விற்றோம். தாத்தா அதன் பின் ஊருக்கு வந்த அயலாரைக் கண்டு சிரித்ததில்லை" என்றான்.

நான் யாது கூறுவதென்று அறியாமல் நின்றேன். அவனே மீண்டும், "ஆனால் படம் எனக்குப் பிடித்திருந்தது அண்ணா. வண்டி மரத்தின்மேல் ஏறித் தொங்கிற்றே, அந்த இடத்தை இன்னொரு முறை போடச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுச் சிரித்தான்.

நிற்க. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் நகை பிறத்தற்குரிய நிலைக்களங்கள் நான்கு என்று வகுத்தனர். பிறரை இகழ்வதாகிய எள்ளல் ஒன்று. சிறுபிள்ளைத் தன்மையாகிய இளமை ஒன்று. அறிவின்மையாகிய பேதைமை ஒன்று. பிறர் புகட்டியதை ஆராயாது கொண்டு விடாதிருத்தலாகிய மடம் ஒன்று. இவை தன்னிடத்துத் தோன்றுதலும் பிறரிடத்துத் தோன்றுதலும் உண்டென்பர் உரைகாரர். அன்றிரவு கேட்ட கருத்துக்களை இந்நான்கினுள் அடக்கிப் பார்த்தேன். என் நண்பன் சினந்தது எள்ளலைக் குறித்து. ஆசிரியை மெச்சியது பேதைமை இரு பக்கத்தும் உண்டெனக் காட்டிய திறத்தை. சமையற்காரர் நகைத்தது தம்மிடத்துத் தோன்றிய நகை. எஞ்சி நின்றவை இளமையும் மடமும். இவ்விரண்டையும் ஆராயப் புகுந்தபோதே உண்மை வெளிப்படலாயிற்று.

படத்தின் தொடக்கத்தில் ஒருவர் குரல் நமக்குச் செய்தி கூறுகிறது. ஆவணப் படங்களிற் கேட்கும் கனிந்த குரல் அது. இம்மக்களுக்கு உடைமை இல்லை, சட்டம் இல்லை, வெளியுலகம் ஒன்று உண்டென்பதே தெரியாது என்கிறது அக்குரல். விலங்குப் படத்திற் குரங்கையும் யானையையும் பற்றிக் கேட்பது போலவே இதனையும் நாம் நம்பிக் கேட்கிறோம். மெய்ம்மை யாது? க்ஸீயாக நடித்த நிக்காவ் என்பார் ஜூஹ்வான்ஸி என்னும் ஸான் பிரிவைச் சேர்ந்தவர். இப்போது நமீபியா எனப்படும் தேசத்தின் வடகிழக்கிலுள்ள த்ஸும்க்வே வட்டாரத்தில் வாழ்ந்தவர். அவ்வூரில் 1960-ஆம் ஆண்டளவிலேயே தென்னாப்பிரிக்க அரசாங்கம் தன் அலுவலகத்தை நிறுவிற்று. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கடையும் சிறைச்சாலையும் அங்கே இருந்தன. வேட்டைக்கும் கிழங்கு அகழ்வதற்கும் உரிய நிலத்திற் பெரும்பகுதியை இழந்த மக்கள், அரசாங்கம் அளந்த மாவையும் கூலியையும் நம்பி வாழ்ந்தனர். காச நோய் பரவியிருந்தது. அந்நாட்டு இராணுவமும் அவ்விளைஞரைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது. கொக்கக் கோலாப் புட்டியை அறியாத குடும்பத்தைத் தேடிச் செல்லும் படப்பிடிப்பாளர், அப்புட்டி விற்கும் கடையைக் கடந்தே சென்றிருத்தல் வேண்டும்.

இதற்குச் சான்றாக மற்றொரு படமும் உண்டு. அமெரிக்கரான ஜான் மார்ஷல் என்பவர் 1950-களில் இளைஞராய் அம்மக்களிடையே வாழ்ந்து, அவர் தம் வேட்டை வாழ்வைப் படம் பிடித்தவர். அரசாங்கத் தடையினால் இருபது ஆண்டுகள் அங்கே செல்ல இயலாதிருந்து, 1978-ஆம் ஆண்டில் மீண்டார். 1980-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட படம், நை என்னும் பெயருடைய பெண்ணொருத்தியின் வாழ்க்கை வரலாறு. அதில் ஜேமி யூயிஸின் படப்பிடிப்பே ஒரு காட்சியாக அமைந்துள்ளது. கட்டளைப்படி ஒரே செயலை அவர்கள் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவதை அதிற் காணலாம். ஒரே ஆண்டில், ஒரே மக்களைப் பற்றி, இருவர் எடுத்த படங்கள் இரண்டு. ஒன்றை உலகம் முழுவதும் கண்டு மகிழ்ந்தது. மற்றதை அறிஞர் சிலரும் மாணவர் சிலருமே கண்டனர். ஆகவே, மடத்தின்பாற்பட்ட நகை க்ஸீயினிடத்து இல்லை. குரல் சொன்னதை ஆராயாது கொண்டு விடாதிருந்த நம்மிடத்தேதான் உள்ளது.

'வேடிக்கைப் படத்தில் உண்மை தேடுதல் ஆகுமோ?' என்று வினவுவோர் உளர். தாம் மகிழ்விக்கவே படம் எடுத்ததாக யூயிஸும் கூறிவந்தார். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கழுதை பேசுவதாகக் கதை சொன்னால், கழுதை பேசாதென்று வழக்காடுவார் இலர். ஆனால் கதையின் விளைவு உயிருள்ள மனிதர்மேல் வந்து விழுமாயின் வழக்கு வேறாகிறது. 1980-களில் ஜூஹ்வான்ஸி மக்கள் கிணறு தோண்டவும் மாடு வளர்க்கவும் விரும்பினர். ஜான் மார்ஷலும் அவர் தம் துணைவரும் அதற்கு உதவினர். அரசாங்கமோ அந்நிலத்தை வனவிலங்குச் சரணாலயமாக்கத் திட்டமிட்டது. வேட்டுவராய் இருப்பதே இவர்களுக்கு இயற்கை, உழவு இவர்களுக்கு ஒவ்வாது என்ற எண்ணம் பலருடைய மனத்திற் பதிந்திருந்தது. உலகம் கண்டு சிரித்த படம் அவ்வெண்ணத்திற்கு உரமாயிற்று என்பது மார்ஷல் கருத்து. 2002-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தம் நீண்ட ஆவணப் படத்தின் இறுதிப் பகுதிக்கு, 'கட்டுக்கதையால் வந்த சாவு' என்னும் பொருள்படப் பெயரிட்டார். சரணாலயத் திட்டத்தை அம்மக்கள் எதிர்த்து நின்றனர். 1990-இல் நமீபியா விடுதலை பெற்றது. 1998-இல் தம் நிலத்தின் விலங்குகளைத் தாமே காத்துப் பயன்கொள்ளும் உரிமையை அவர்கள் ஒரு சங்கமாகக் கூடிப் பெற்றனர். வளராத குழந்தைகளென்று படம் காட்டிய மக்கள், தம் வழக்கைத் தாமே பேசிய செய்தி இது. இளமை என்னும் நிலைக்களமும் இங்ஙனம் பொய்யாயிற்று.

நிக்காவ் அவர்களின் வரலாறும் கருதத்தக்கது. படத்தில் க்ஸீ தனக்குக் கூலியாகக் கொடுத்த காகிதப் பணத்தின் பயன் அறியாது அதனை விட்டுச் செல்கிறான். நாமும் அவன் கள்ளமின்மையைப் போற்றிச் சிரிக்கிறோம். முதற் படத்திற்கு நிக்காவ் பெற்றது சில நூறு டாலர்களே என்று பிற்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. 1989-ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் படத்திற்கோ அவர் மிகுதியான ஊதியம் கேட்டுப் பெற்றார். அப்பணத்தைக் கொண்டு செங்கல் வீடு கட்டினார், நிலம் திருத்திச் சோளமும் பூசணியும் பயிரிட்டார், மாடு வளர்த்தார். ஹாங்காங் நகரத்தாரும் அவரை வைத்துப் படங்கள் எடுத்தனர். 2003-ஆம் ஆண்டில் காச நோயால் அவர் தம் ஊர்ப்புறத்திலேயே காலமானார். பணத்தைக் காற்றில் விட்ட க்ஸீயை உலகம் நேசித்தது. வீடு கட்டிய நிக்காவை அவ்வளவு நேசித்ததாகத் தெரியவில்லை. என் மதிப்பில், இவ்விருவருள் மேலானவர் இரண்டாமவரே. பிறர் தமக்கு வகுத்த வேடத்தைத் திரையளவில் ஏற்று, வீட்டளவில் மறுத்த மனிதர் அவர்.

அங்ஙனமாயின் இப்படத்தைக் கண்டு சிரித்தல் தவறோ? தவறென்று நான் சொல்ல ஒருப்படேன். நகரத்து மனிதர் கடிகாரத்துக்கு அடிமையாகி ஓடும் ஓட்டத்தை இப்படம் காட்டும்போதும், படித்த அறிஞர் ஒரு மங்கையின் முன்னே நாற்காலியையும் சட்டியையும் உருட்டித் தள்ளும்போதும் எழும் நகை குற்றமற்றது. அறிஞருடைய தடுமாற்றத்தால் எந்த அறிஞருக்கும் கிணறு கிடையாமற் போகவில்லை, நிலம் பறிபோகவில்லை. வலியவன் தடுக்கி விழுந்தால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போகிறான். எளியவன் விழுந்த இடத்தில் அவனைக் கண்டு சிரிப்பதே நெஞ்சை உறுத்துகிறது. மீன் மீண்டும் நீரிற் புகும் என்ற உறுதி உண்டாயின் நகை, இன்றேல் அழுகை. நம் முன்னோர் உவமை கூறியது நீர் வற்றிய குளத்தைக் கண்டுபோலும்.

ஜூஹ்வான்ஸி மொழியில், நாவை மேல்வாயில் ஒட்டிப் பறித்து எழுப்பும் ஓசைகள் எழுத்துக்களாக வழங்குகின்றன. நிக்காவ் என்னும் பெயரிலேயே அத்தகைய ஓசையொன்று உண்டு. தமிழெழுத்தில் அதனைக் காட்ட இயலாது. படம் பார்த்த அன்று மாணவர் பலர் அவ்வோசையைப் போலி செய்து விளையாடினர். நாம் பிறர் துன்பங் கேட்டு 'உச்சு'க் கொட்டும்போது எழுவதும் அவ்வினத்தைச் சேர்ந்த ஓர் ஓசையே. நமக்கு இரக்கக் குறியாயிருப்பது அவர்க்கு நாள்தோறும் பேசும் பேச்சு. அம்மொழியில் வீட்டின் விலை பேசலாம், ஊதியம் கேட்கலாம், கிணற்றுக்கு மனு எழுதலாம், நம்மைக் கண்டு நகைக்கவுஞ் செய்யலாம்.

இவ்வாண்டும் நம் விடுதிகளிலே பலவகைப் படங்கள் திரையிடப்படும். அவற்றைக் கண்டு நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்களாக. சிரித்து முடிந்த பின்னர், அருகில் சிரியாமல் அமர்ந்திருந்தவர் எவரேனும் உண்டாயின், அவருடன் அறைவரை நடந்து செல்லுமாறு வேண்டுகிறேன்.